காலை ஓட்டத்தோடு ஊரணிக்கரை மரங்களையும் பார்த்துக்கொள்ள நினைக்கிறோம், வழி சொல்லுங்கள்

வள்ளம் மெக்கானிக் | பிப்ரவரி 9

வணக்கம். நான் வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கிறவன். ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். இரண்டு வருடத்துக்கு முன் சர்க்கரை இருப்பது தெரிந்து நடக்க ஆரம்பித்தேன், இப்போது ஓடுகிறேன். கூட ஓடுகிறவர்கள் ஊர்ப் பையன்கள், பதினோரு பேர். அதில் ஏழு பேர் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பதால் அவர்களிடம் எப்போதும் ஒரு வேகம் இருக்கும். காலை ஐந்தேகாலுக்குக் கோயில் முன்னால் கூடுவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் லாரி பயம். அதனால் உப்பளத்துப் பாதையில் போய்த் திரும்புகிறோம், மொத்தம் நாலு கிலோமீட்டர்.

அந்தப் பாதையில்தான் எங்கள் ஊரணி இருக்கிறது. என் அம்மா அதில் துணி கட்டி வடித்துத் தண்ணீர் எடுத்தவர். சின்ன வயதில் நாங்கள் செருப்போடு கரை ஏறினாலே பெரியவர்கள் சத்தம் போடுவார்கள், கால் நனைப்பது நடக்கவே நடக்காது. காவிரிக் குழாய் வந்தபின் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இப்போது மூன்று கரையிலும் சீமைக்கருவேலம். நாலாவது கரையில் போன வருடத்துக்கு முந்தின வருடம் புரட்டாசியில் ஒரு விழா நடத்தி 60 கன்று நட்டார்கள். குழி வெட்டியது நாங்கள்தான். இன்று உயிரோடு இருப்பது ஏழு.

ஏன் செத்தது என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். எனக்குச் சோளியக்குடியில் ராப்பகலாக எஞ்சின் வேலை. பையன்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கன்றுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனியில் வந்து ஒரு வேப்பங்கன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வேர் ஒரு சொம்பு அளவுக்கு உருண்டு, அதைச் சுற்றி நர்சரியின் கறுப்புப் பை அப்படியே இருந்தது. பையைக் கிழிக்காமலே நட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தினமும் அந்தக் கரையைத் தாண்டித்தான் ஓடுகிறோம். ஓட்டத்தோடு சேர்த்து அரைமணி நேரம் அங்கே வேலை செய்தால் என்ன என்று பையன்களிடம் கேட்டேன், சரி என்றார்கள். ஓட்டமும் கெடக்கூடாது, மரமும் சாகக்கூடாது. அதற்கு எப்படி அமைத்துக்கொள்வது? உப்புக்காற்றில் எந்த மரம் நிற்கும்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்டபத்தான், லண்டன் | பிப்ரவரி 9

அண்ணே, நான் மண்டபம். இப்போது லண்டனில் இருக்கிறேன். இங்கே குட்ஜிம் என்று ஓர் அமைப்பு உண்டு. கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்ற பகுதியில் ஆரம்பித்தது, இப்போது பல ஊர்களில் நடக்கிறது. கூட்டமாக ஓடிப்போய், பூங்காவிலோ பொதுத் தோட்டத்திலோ களை பிடுங்குவது, உரமண் அள்ளிப் போடுவது என்று ஏதாவது ஒரு வேலை முடித்து, திரும்பவும் ஓடி வருவார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய் உதவி செய்வதும் உண்டு. ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குகிற பிளாக்கிங் என்பது வேறு. அது 2016 வாக்கில் சுவீடனில் தொடங்கியது.

நான் கூடப் போய்க் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். முதலாவது, போய்ச் சேர்ந்தபின் என்ன செய்யலாம் என்று யோசிக்கக் கூடாது. இன்று இந்த மூலை, இவ்வளவு வேலை என்று முதல் நாளே முடிவாகி, கருவிகள் அங்கே தயாராக இருக்க வேண்டும். கையில் மண்வெட்டியோடு யாரும் ஓடக்கூடாது. இரண்டாவது, கடைசியாக ஓடி வருகிறவருக்காகக் கூட்டம் காத்திருக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நாலே வாரத்தில் வேகமாக ஓடுகிறவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது அண்ணே. இங்கே மழை சும்மா பெய்துகொண்டே இருக்கும், களை எடுப்பதுதான் வேலை. நம் ஊரில் தண்ணீர்தான் வேலை. இந்த ஊர் ஏற்பாட்டை அப்படியே கொண்டு வந்தால் உங்கள் ஏழு கன்றும் காய்ந்துவிடும்.

விசில் டீச்சர் | பிப்ரவரி 10

தம்பி, நான் உடற்கல்வி ஆசிரியை. கமுதியில் இருந்தேன், இப்போது ராமநாதபுரம். பையன்கள் வேகப் பயிற்சி செய்கிற நாளில் மண்வெட்டி வேலை வேண்டாம். சுற்றுச் சுற்றாக 400 மீட்டர் ஓடிக் கால் நடுங்குகிறவன் குனிந்து வெட்டினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். தேர்வுக்கு முன்னால் அப்படி முடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மெதுவான ஓட்டம் வைத்து, அந்த நாட்களில் மட்டும் கரைக்குப் போங்கள். அரைமணிக்கு மேல் வேண்டாம். முடித்தபின் நடந்து திரும்பினால் போதும்.

கருவேல முள்ளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மெல்லிய ஓட்டக் காலணியின் அடியை அது சுலபமாகத் துளைத்துவிடும். முள் உள்ளே முறிந்தால் ஒரு வாரம் சீழ் வைத்து நிற்கும். உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. கரையில் ஏறும்போது தடித்த அடி உள்ள செருப்போ பழைய பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் யாரும் தேர்வுக்குப் படிக்கவில்லையா? அவர்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். இருட்டில் உப்பளத்துப் பாதைக்கு எந்த அம்மாவும் அனுப்ப மாட்டார். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தபின் ஊரணிக்கரையில் பத்துப் பேர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றால், கூடவே ஓர் அம்மாவும் வருவார், பிள்ளையும் வரும். நான் சொல்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

கீழக்கரை காக்கா | பிப்ரவரி 10

தம்பி, நாற்றங்கால் வைத்து இருபது வருடம் ஆகிறது. முதலில் ஒன்றைக் கேளுங்கள். இப்போது ஒரு கன்றுகூட நடாதீர்கள். மாசியில் நட்டால் அது கோடைக்குத்தான் சாப்பாடு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இந்த வருடம் உங்கள் வேலை அந்த ஏழு கன்றையும் ஆவணி வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது, அவ்வளவுதான். இரண்டு கோடை தாண்டிய மரம் அப்புறம் நம்மைத் தேடாது.

தண்ணீரை நிதம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டாம். வேர் மேலேயே தங்கிவிடும். வாரம் இரண்டு தடவை, கன்றுக்கு ஒரு குடம், நின்று நிதானமாக ஊற்றுங்கள். பாத்தி தண்டை ஒட்டி இருக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளி வட்டமாக இருக்கட்டும். மேலே பனையோலையோ காய்ந்த சருகோ மூடாக்குப் போடுங்கள். உப்புப் பூத்த மண் மேலே வெளுத்துத் தெரிந்தால் அதைச் சுரண்டி வெளியே கொட்டுங்கள்.

மழைக்காலத்துக்கு மரம் கேட்டீர்கள். உப்புக்காற்றுக்குப் பூவரசு, புங்கை, புன்னை, வேம்பு. பூவரசுக்கு நர்சரி வேண்டாம். மணிக்கட்டு மொத்தத்தில் கிளையைப் போத்தாக வெட்டி ஈரத்தில் ஊன்றினால் துளிர்க்கும். கரையின் வெளிச்சரிவில் உடைமரம் தானாக முளைத்திருந்தால் கருவேலம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். குடை விரித்த மாதிரி இருப்பது நம் மரம். பனங்கொட்டை ஆவணி, புரட்டாசியில் ஊன்றுங்கள், அதற்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஆனால் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். தையில் கிழங்குக்கு என்று தோண்டினால் பனையே இருக்காது.

சீமைக்கருவேலத்தை மேலே வெட்டினால் நாலு கிளையாகக் கிளம்பும். வேரோடு எடுக்க வேண்டும். பெரிய மரத்தை இப்போது விடுங்கள். மழை பெய்த மறுநாள் முழங்கால் உயரக் கன்றுகள் கையாலேயே வந்துவிடும், அந்த வேலையை ஓடுகிற பையன்கள் செய்யட்டும். வெட்டிய கிளையை வீசாதீர்கள், கன்றைச் சுற்றிப் படல் கட்டினால் ஆடு நெருங்காது. கட்டும் முன் நெற்று இருந்தால் உதிர்த்து எரித்துவிடுங்கள். ஆடு அந்த நெற்றைத் தின்று போடும் புழுக்கையில்தான் அடுத்த காடு முளைக்கிறது.

கடற்கரையையும் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக், அறுந்த வலை மட்டும் எடுங்கள். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் களை இல்லை. மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். மூக்கையூர் பக்கம் ஒரு கடற்கரையில் ஆர்வத்தில் எல்லாவற்றையும் வழித்து எடுத்தார்கள். அடுத்த கச்சான் காற்றில் மணல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

ஊராட்சி எழுத்து | பிப்ரவரி 11

அனுமதிக்குக் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அடுத்தது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், உங்கள் விஷயத்துக்குப் பொருத்தமான நாள். மனுவில் எந்தக் கரை, என்ன வேலை, எந்த நாள் என்று எழுதித் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பெரிய கருவேலத்தை எடுக்க யாராவது ஜேசிபி அனுப்பினால் கரைமேல் ஏற்ற விடாதீர்கள். அடிவேரோடு கரையும் பெயர்ந்தால் முதல் மழையில் உடைப்பு எடுக்கும்.

வள்ளம் மெக்கானிக் | மே 17

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் சொன்னதைப் பெரும்பாலும் செய்தோம். கிராம சபையில் தீர்மானம் ஆனது.

தண்ணீரில்தான் முதலில் மாட்டினோம். ஊரணி பங்குனியிலேயே சேறாகிவிட்டது. குழாயடிக்குக் குடத்தோடு போனோம். ஓர் அக்கா என்னைப் பார்த்து, "நாங்க ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கப் பிடிக்கிற தண்ணிய மரத்துக்கு ஊத்தவா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பேசாமல் திரும்பி வந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து அதே அக்காதான் சொல்லி அனுப்பினார். சாலையோர வால்வுக் குழியில் ராத்திரி முழுக்கக் கசிந்து வீணாகிறதாம், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது படுக்கப் போகும் முன் ஒருவன் அங்கே போய்க் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வருகிறான். குழியில் தேங்குவதைக் காலையில் சொம்பால் மொண்டு நிரப்புகிறோம்.

வால்விலிருந்து ஊரணி ஒன்றரை கிலோமீட்டர். அம்மாவின் குடத்துத் தள்ளுவண்டி வீட்டில் சும்மா கிடந்தது. சக்கரத்துக்குப் பேரிங் மாற்றினேன். ஏழு குடம், குடத்துக்கு 12 லிட்டர் என்றாலும் 84 கிலோ. இதைத் தள்ளிக்கொண்டு மெதுவாக ஓடுவதுதான் செவ்வாய், வெள்ளி எங்கள் பயிற்சி. இருநூறு அடிக்கு ஒருவர் மாறுவோம். முதல் நாள் உப்பளத் திருப்பத்தில் இரண்டு குடம் சாய்ந்தது. குடத்தின் வாயில் ஈரச் சாக்கைக் கட்டி அதன்மேல் தேங்காய் மட்டையை வைத்து அழுத்தினோம், அதன்பின் சிந்துவதில்லை. வண்டி தள்ளுகிறவன் குனியக் கூடாது, கையை நீட்டி முதுகை நிமிர்த்தியே தள்ள வேண்டும் என்பதை டீச்சருக்காகச் சொல்கிறேன்.

டீச்சர், மூன்று பெண் பிள்ளைகள் வருகிறார்கள். கூட ஒருத்தியின் அம்மாவும் வருகிறார். அவர் ஓடுவதில்லை. நாங்கள் வருவதற்குள் மூடாக்கை விலக்கி, பாத்தியைச் சரிசெய்து வைத்திருப்பார்.

தடைக்காலம் வந்ததும் போன வருடம் போலவே நான் சோளியக்குடிக்கு வந்துவிட்டேன். இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் எனக்கு வேலை கூடுகிற இந்த 61 நாளும் விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு வேலையே இல்லையே! கன்று காய்கிற நேரமும் அதுதான். இது ஏன் போன வருடம் என் புத்திக்கு எட்டவில்லை என்று தெரியவில்லை. என் மச்சான் உட்பட நாலு பேர் வண்டியை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஓடுவதில்லை, நடந்தே தள்ளுகிறார்கள். பையன்கள் பக்கத்தில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஏழு கன்றின் படமும் என் போனுக்கு வந்துவிடும். கையில் கிரீஸோடு பெரிதாக்கிப் பார்ப்பேன்.

ஏழும் இருக்கிறது. மூன்று வேம்பு, இரண்டு பூவரசு, இரண்டு புங்கை. ஒரு புங்கையைச் சித்திரை முதல் வாரத்தில் ஆடு கடித்துவிட்டது, படலில் ஒரு பக்கம் சரிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. போய்விட்டது என்றே நினைத்தேன். நேற்று வந்த படத்தில், கடித்த இடத்துக்குக் கீழே மூன்று துளிர் வெடித்திருக்கிறது. காக்கா, அதில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடச் சொல்லவா?

கீழக்கரை காக்கா | மே 17

இப்போது தொடாதீர்கள் தம்பி. இந்த வெயிலில் அதற்கு இலை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் வேண்டும். மழை விழுந்து, கிளை பென்சில் மொத்தம் ஆனதும் நேராக மேலே போகிறதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கத்தியால் சீவுங்கள். படலை இன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள், ருசி கண்ட ஆடு திரும்ப வரும். ஆவணியில் வண்டியை எடுத்துக்கொண்டு பையன்களோடு கீழக்கரைக்கு வாருங்கள், புன்னை பத்துக் கன்று எடுத்து வைத்திருக்கிறேன். பையைக் கிழித்து நடுவது எப்படி என்று அவர்களுக்குக் காட்டியும் தருகிறேன்.