இடிக்குற மெஷின் பிடிச்சவங்க, மனச விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பாத்ரூம் சுவர், 11 கிலோ ஹாமர் மெஷின், வீட்டு மெயின் ஆஃப் பண்ணிட்டு, மெஷினுக்கு வெளிய இருந்து லைன் இழுத்துதான் இறங்குனேன். உளி ஒரு 3 இஞ்ச் உள்ள போயிருக்கும், டப்புன்னு நீல வெளிச்சம், வெளிய எடுத்துப் பாத்தா முனையில அரிசி அளவு இரும்பு உருகிப் போயிருக்கு. சுவருக்குள்ள இருந்த வயர் பைப்புல போனது இன்வெர்ட்டர் லைன், மெயின அணைச்சதும் அது பேட்டரில ஓட ஆரம்பிச்சிருக்கு. அப்ப ரப்பர் பிடியிலதான் கை இருந்துச்சு. ஆனா அதுக்கு 5 நிமிஷம் முன்னாடி வரைக்கும் இரும்புக் கழுத்தப் பிடிச்சு உளிய நேரா நிறுத்திட்டு இருந்தேன். ராத்திரி படுத்தா அந்த 5 நிமிஷம்தான் வருது.

——

9 இஞ்ச் கிரைண்டர், பீம் கம்பி அறுக்குறேன், தொங்கிட்டிருந்த துண்டு லேசா இறங்கி வெட்டு வாய மூடிருச்சு. டிஸ்க் மாட்டி மெஷின் முகத்துக்கு எகிறுச்சு, டிஸ்க மறைக்குற கார்டு இருந்ததால கண்ணாடில ஒரு கோட்டோட போச்சு. எனக்கு மறக்காதது அது இல்ல, பயத்துல கீழ போட்டேன் பாருங்க, சுவிட்ச் லாக்ல இருந்திருக்கு, மெஷின் தரையில தானா ஊர்ந்து என் ஷூவத் தேடி வருது, நான் பின்னால போறேன், அதுவும் வருது. பக்கத்துல இருந்தவர் பிளக்கப் புடுங்கின பிறகும் டிஸ்க் சுத்திட்டேதான் இருந்துச்சு.

——

முதல்ல எழுதினவர் டெஸ்டர் வச்சுப் பாத்திருக்கணும். எனக்கு நடந்தது சின்னது, ஸ்லாப்ல உளி மாட்டிக்கிச்சு, மெஷினோட சேத்து நெம்புனேன், உளி முறிஞ்சு முழங்கால்ல அடிச்சுது, அவ்வளவுதான். புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன், நடுவுல குத்தாதீங்க, ஓரத்துல இருந்து 3, 4 இஞ்சா கடிச்சுட்டு வாங்க, மாட்டுனா இன்னொரு உளியால பக்கத்துல உடைச்சுதான் எடுக்கணும். மெஷின் வெயிட்டே வேலை பாக்கும், மேல சாஞ்சு அழுத்துனா வேகம் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயர சுருள்லயே விட்டு ஓட்டாதீங்க, உள்ள சூடேறி உருகும். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா லைன வெட்டுற சுவிட்ச், இல்லாத லைன்ல பிளக்கே சொருகாதீங்க. 9 இஞ்ச் டிஸ்க்ல 6600 ஆர்பிஎம் வரைக்கும்தான்னு போட்டிருப்பான், அதாவது நிமிஷத்துக்கு அத்தன சுத்து, சின்ன கிரைண்டர் 11000ல சுத்தும், கார்டக் கழட்டிட்டு பெருசா மாட்டுறாங்க, அது வெடிக்கும்.

——

டெஸ்டர்னு சுலபமா சொல்லிட்டீங்க. தொடாம பாக்குற டெஸ்டர் இரும்புப் பைப்புக்குள்ள இருக்குற வயரக் காட்டாது. அவர் வீட்டுல அது காட்டியிருக்கும்னு எப்படிச் சொல்றீங்க? இன்வெர்ட்டரயும் நிறுத்தி பேட்டரி வயரக் கழட்டுறதுதான் வழி.

என் விஷயம் வேற. ஒரு குளிர் காலைல பொண்ணுக்குச் சட்டை பட்டன் போடுறேன், பட்டன் கைல இருக்கா இல்லையான்னே தெரியல, குனிஞ்சு பாத்தா 3 விரல் நுனியும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. "அப்பா, சீக்கிரம்"னு நிக்குறா. 7 வருஷம் இடிக்குற பிரேக்கர் பிடிச்ச கை, அந்த அதிர்வு பண்ணின வேலை. பிரிட்டன்ல அதிர்வுக்குக் கணக்கு வச்சிருக்காங்க, மெஷின் அதிர்வு 10 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்னா அரை மணி நேரத்துல எச்சரிக்கை அளவு, 2 மணி நேரத்துல அன்னைக்கு உண்டான உச்ச அளவு முடிஞ்சுது. நான் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் பிடிச்சவன். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள்ள அதிகமா ஏறும், அத யாரும் எனக்குச் சொல்லல.

——

சுருக்கமா சொல்றேன். மாடி ஸ்லாப். கீழ ஆள் இல்லன்னு சொன்னாங்க, நான் போய்ப் பாக்கல. காதுல சத்தம் அடைக்குற மஃப், ஓட்டை விழுந்ததும் தூசி அடங்கட்டும்னு குனிஞ்சேன், அந்த ஓட்டை வழியா ஒருத்தர் என்னை நிமிர்ந்து பாக்குறார், தலைமுடியெல்லாம் வெள்ளையா தூசி, வாய் அசையுது, எனக்கு எதுவும் கேக்கல. அவர் ரொம்ப நேரமா கத்திட்டிருந்தாராம்.