செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து பையனைப் பார்க்கப் போறாங்களாம், என்ன செய்யணும்?

புதுவரவு:
அமெரிக்கா வந்து மூணு மாசம் ஆகுது. பையனுக்குப் பேச்சு வரலை, நடையும் சரியா இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததால, அவன் வளர்ச்சியை மதிப்பிட ரெண்டு பேர் வீட்டுக்கு வர்றாங்க. வெளியாளுங்க வேண்டாம்னு மாமியார் அழறாங்க. வீட்டைப் பார்த்து ஏதாவது புகார் எழுதிடுவாங்களா? தூக்கமே இல்லை.

கார்குழலி:
வீட்டை ஒழுங்கு பண்ணி வைம்மா, தரையில ஒரு சாமான் கிடக்கக் கூடாது. வந்த புதுசுல எல்லாருக்கும் இந்தப் பயம்தான். அவன்கிட்ட இங்கிலீஷ்லயே பேசப் பழகு.

நெய்தல்:
ரெண்டுமே வேண்டாம் அக்கா. எதைப் பிடிச்சு எழுந்திரிக்கிறான், எங்க தடுக்குதுன்னு பார்க்கத்தான் வீட்டுக்கே வர்றாங்க. எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சா எதை வெச்சுப் பயிற்சி சொல்வாங்க? ரெண்டு மொழி கேக்கிறதால பேச்சு தாமதமாகாது. அவன் சொல்ற தமிழ்ச் சொல்லையும் கணக்குல சேர்க்கச் சொல்லுங்க.

மாடிவீடு:
இங்க எதுக்கெடுத்தாலும் காத்திருப்பு. டாக்டரைப் பார்க்கவே மாசக்கணக்கு, அப்புறம் பில்.

கார்குழலி:
ஃபோன் போட்டா ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து சொல்லணும்.

பொன்னி:
பையன் வயசைச் சொல்லவே இல்லையேம்மா. மூணு வயசுக்குள்ளன்னா இது எர்லி இன்டர்வென்ஷன், வளர்ச்சி தாமதமாகிற சின்னக் குழந்தைகளுக்கான அரசுத் திட்டம். மதிப்பீட்டுக்குக் காசு கிடையாது. பரிந்துரை போய்ச் சேர்ந்து 45 நாளுக்குள்ள மதிப்பீடும், என்னென்ன உதவி தேவைன்னு முடிவு பண்ற முதல் திட்டக் கூட்டமும் நடக்கணும். உங்க கையெழுத்து இல்லாம எதையும் தொடங்க முடியாது. ஒரு சேவையை வேண்டாம்னு சொன்னாலும் மத்தது நிக்காது.

இன்னைக்கே அந்தத் திட்டத்துல உங்க விஷயத்தைப் பார்த்துக்கிற ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு சொல்லுங்க. "இந்தியர்"னு மட்டும் சொன்னா இந்திக்காரர் வந்து நிக்கலாம். நேர்ல ஆள் இல்லைன்னா ஃபோன்ல கேளுங்க. வீட்டுக்காரரை மொழிபெயர்க்க வைக்காதீங்க, அவர் அப்பாவா உட்காரணும். செருப்பைக் கழற்றணும், எந்த நேரம் தோதுப்படாதுங்கிறதையும் அப்பவே சொல்லிடுங்க.

"தானா சாப்பிடுவானா?"ன்னு கேப்பாங்க. நாம ஊட்டி வளர்க்கிறவங்க. வெறும் "இல்லை"ன்னா கைத்திறன் குறைவுன்னு பதிவாகிடலாம். "இன்னும் ஸ்பூனைக் கையில கொடுத்ததில்லை"ன்னு சொல்லுங்க. சட்டை போடுறது, படியேறுறது எல்லாத்துக்கும் இப்படித்தான்.

பகல்ல அவனைப் பார்த்துக்கிறது மாமியார்னா, அவங்களைப் பக்கத்துல உட்கார வைங்க. வர்றவங்க இருக்கப்போறது கொஞ்ச நேரம்தான். மீதிப் பயிற்சியெல்லாம் குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் அவங்க கையாலதான் நடக்கப்போகுது. இதையே அவங்ககிட்டச் சொல்லிப் பாருங்க.

புதுவரவு:
28 மாசம் அக்கா.

பொன்னி:
அப்போ நேரம் கம்மி. மூணு வயசுக்கு அப்புறம் பெரும்பாலும் பள்ளி மாவட்டம்தான் (உங்க பகுதி அரசுப் பள்ளிகளை நடத்துற அமைப்பு) பார்க்கும். அதுக்கான கூட்டம் பிறந்தநாளுக்குக் குறைஞ்சது 90 நாள் முன்னாடி நடக்கணும், அதாவது 33 மாசம் ஆகிறதுக்கு முன்னாடியே. செவ்வாய்க்கிழமையே தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.