கிளிநொச்சியில இருந்து ஒரே நாளில தலைமன்னார் பியர் பாத்திட்டு வர ஏலுமோ? மதவாச்சியில வண்டி தவறுது

இரணைமடு_றெயில்

வணக்கம். கேள்வி தலைப்பிலயே இருக்கு, ஆனா என்ன நடந்ததெண்டு சொன்னாத்தான் ஒழுங்கா பதில் சொல்லுவியள் எண்டு கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

எனக்கு ரெயின் பாக்கிறதெண்டா உயிர். எஞ்சின் நம்பர் எழுதிறது, எந்த வண்டிக்கு எந்தப் பெட்டி கொழுவியிருக்கெண்டு பாக்கிறது, ஒவ்வொரு ஸ்டேசனா இறங்கிப் படம் எடுக்கிறது. எங்கட பக்கம் 1990 க்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேல தண்டவாளமே இல்லை, 2013 செப்ரெம்பரில கிளிநொச்சிக்கு வண்டி வந்தாப் பிறகுதான் என்ர வயசுக்காரர் கனபேர் ஒரு எஞ்சினைக் கிட்ட நிண்டு பாத்தது. வடக்குப் பாதையில காங்கேசன்துறை வரைக்கும் எல்லா ஸ்டேசனும் பாத்து முடிச்சிட்டன். மிச்சம் தலைமன்னார் பாதை மட்டும்தான்.

என்ர பிளான் இதுதான். காலமை கிளிநொச்சியில ஏறி, தலைமன்னார் பாதை பிரியிற மதவாச்சியில இறங்கிறது, அங்க கொழும்பில இருந்து வாற தலைமன்னார் வண்டியில மாறி ஏறி, லைன் முடியிற பியர் ஸ்டேசன் வரைக்கும் போறது, பிறகு பஸ்ஸில மன்னார், வவுனியா, அங்க இருந்து யாழ்ப்பாணப் பக்கம் போற கடைசி வண்டியில வீடு. நேரசூசியில பாத்தா மதவாச்சியில வண்டி மாற நேரம் தாராளமா இருந்தது.

முறிகண்டி, மாங்குளம் வரைக்கும் சொன்ன நேரத்துக்கு வந்தது. புளியங்குளம் தாண்டி கொஞ்சத்தூரத்தில பிரேக் பிடிச்ச சத்தம், வண்டி நிண்டிட்டுது. மாடுகள். ஒண்டு அடிபட்டுக் கிடக்கு, மற்றதுகள் லைனை விட்டுப் போகாமல் அதைச் சுத்தி நிக்குதுகள். இறங்கி வந்து மாட்டை இழுத்து, எஞ்சினுக்குக் கீழ குழாய் ஏதும் உடைஞ்சிருக்கோ எண்டு பாத்து, திரும்ப எடுக்க முக்கால் மணித்தியாலம் போட்டுது. வவுனியாவில எதிர் வண்டி வரட்டும் எண்டு இன்னும் கொஞ்ச நேரம். மதவாச்சி போய்ச் சேர தலைமன்னார் வண்டி போயிட்டுது. அதில நிண்ட பெரியவர் ஒராள், தம்பி இப்பதான் வால் தெரியத் தெரியப் போனது எண்டார்.

பின்னேரம் வரைக்கும் அங்கயே நிண்டு வாற போற வண்டியளைப் பாத்தன், அது ஒண்டும் வீண் இல்லை. ஆனா வடக்கால வந்த வண்டியும் பிந்தி, கிளிநொச்சியில இறங்கேக்க எங்கட ஊருக்குப் போற பஸ் ஒண்டும் இல்லை, தம்பியாரை மோட்டச்சைக்கிளோட வரச்சொல்லித்தான் வீட்ட போனது.

இப்ப கேள்வி. தலைமன்னார் வண்டியை எங்களுக்காண்டி மறிச்சு வைக்கிற வழக்கம் ஏதும் இருக்கோ? மதவாச்சியை நம்பாமல் போக வேற வழி இருக்கோ? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ, எனக்கு அந்தப் பாதையைக் கட்டாயம் பாக்கவேணும்.

ஓமந்தைச்_சிக்னல்

தம்பி, முதலாவது கேள்விக்கு பதில்: மறிப்பினம் எண்டு நம்பி வெளிக்கிடாதேங்கோ. தலைமன்னார் வண்டி மதவாச்சியில தொடங்கிறதில்லை, அது கொழும்பில இருந்து ஓடி வாற வண்டி, அதுக்கும் தன்ர பாட்டில எங்கயோ ஒரு ஸ்டேசனில எதிர் வண்டிக்கு இடம் விடவேண்டிக் கிடக்கும். உங்களுக்காண்டி அதை அரை மணித்தியாலம் மறிச்சா, அதுக்காண்டி இன்னொண்டு நிக்கவேணும்.

இதை விளங்கினா மற்றது எல்லாம் விளங்கும். மாகோவில இருந்து வடக்கால முழுக்க ஒற்றைப் பாதை. ரெண்டு ஸ்டேசனுக்கு இடையில உள்ள துண்டுக்குள்ள ஒரு நேரத்தில ஒரு வண்டிதான். எதிரும் புதிருமா வாற வண்டியள் ஒண்டையொண்டு விலத்திறது ஸ்டேசனில உள்ள லூப் லைனில (பக்கத்தால பிரிஞ்சு திரும்பச் சேருற லைன்) மட்டும், அதைத்தான் நாங்கள் குறோசிங் எண்டிறம். உங்கட வண்டி புளியங்குளத்துக்கு இங்கால நிண்ட நேரம் தெற்கில இருந்து வந்த வண்டி சும்மா இருக்காது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாப்பினம், அப்ப உங்கட வண்டிக்கு முதல் இருந்த குறோசிங் இடம் மாறுது. ஏற்கனவே பிந்தின வண்டி இன்னொரு ஸ்டேசனில காத்து நிக்கவேண்டி வாறது அப்பிடித்தான். மாட்டில போனது முக்கால் மணித்தியாலம், மிச்சம் எல்லாம் குறோசிங்கில போனது. பின்னேரம் நீங்கள் ஏறின வண்டி பிந்தினதும் அதே காலமைப் பிந்தலின்ர மிச்சமா இருக்கலாம், ஒற்றைப் பாதையில ஒரு பிந்தல் அண்டைக்கு ராவு மட்டும் லைனுக்குள்ளயே திரியும்.

மாடு எண்டது எங்கட வன்னிக்கு நெடுகலும் உள்ள பிரச்சினை. தண்டவாளக் கரை மேடா, மழைக்காலத்தில காய்ஞ்சு கிடக்கிற இடம் அதுதான், கட்டாக்காலி மாடெல்லாம் அதில வந்து படுக்கும். ஓடுற வண்டியை மாட்டைக் கண்டாப் பிறகு நிப்பாட்ட ஏலாது, அவ்வளவு பாரம். அடிபட்டா கட்டாயம் இறங்கிப் பாக்கத்தான் வேணும், பிரேக் குழாயில ஒரு வெடிப்பெண்டாலும் அதோட ஓட ஏலாது. ட்றைவர்மாரைக் குறை சொல்லுறதில பிரயோசனம் இல்லை, மாட்டுக்காரர் பட்டியில கட்டினா பாதிப் பிந்தல் இல்லை. இதை நான் எங்க கதைச்சாலும் சொல்லுவன்.

இன்னொண்டு, கச்சான் காத்து அடிக்கிற காலத்து வெயிலில நீட்டுத் தண்டவாளம் விரியும், அந்த நேரம் சில துண்டுகளில வேகத்தைக் குறைச்சுத்தான் ஓடுவினம். அதால மத்தியானத்துக்குப் பிறகு வண்டி மாறிறதெண்டா இன்னும் கூட நேரம் விட்டுத்தான் பாக்கவேணும். 2023 ஜனவரியில அனுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில பாதையை மூடி ஜூலை வரைக்கும் திருத்தினவை, 2024 இல மாகோ அனுராதபுரம் துண்டு. ஓட்டம் நல்லா வேகமாயிட்டுது, நானே பாத்தனான். ஆனா பாதை ஒண்டுதானே, வேகம் கூடினாலும் குறோசிங் குறோசிங்தான்.

பேசாலைக்_காத்து

வணக்கம் தம்பி. நீங்கள் ஏன் மதவாச்சி மட்டும் இறங்கிப் போறியள்? அது தெற்கால போய்த் திரும்ப வடமேற்கால வாற சுத்து. வவுனியாவில இருந்து செட்டிக்குளத்துக்கு பஸ் ஓடுது. தலைமன்னார் வண்டி மதவாச்சியை விட்டு செட்டிக்குளத்தாலதான் வரவேணும். வவுனியாவுக்கு நீங்கள் என்னத்தில வந்தாலும் சரி, அங்க இருந்து செட்டிக்குளம் ஸ்டேசனில போய் நிண்டா வண்டி உங்களிட்ட வரும். அதுவும் தவறினா மன்னார் பஸ்ஸில முருங்கனுக்கு வாங்கோ. றோட்டும் லைனும் இங்கால கிட்டக்கிட்டத்தான் ஓடுது, பஸ்காரர் வாற வேகத்துக்கு வண்டியை முந்தினாலும் முந்துவினம்.

அதில நீங்கள் இழக்கிறது மதவாச்சி தொடக்கம் செட்டிக்குளம் வரைக்குமான காடு மட்டும்தான். பாக்கவேண்டிய மிச்சம் எல்லாம் அதுக்கு அங்காலதான் கிடக்கு. மடு றோட், ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் சனம் நிரம்பி வழியிற ஸ்டேசன். முருங்கனில கட்டுக்கரைக்குளத்துத் தண்ணி பாயிற வயல், மாரியில போனா ரெண்டு பக்கமும் பச்சை. திருக்கேதீஸ்வரம் தாண்ட மரமெல்லாம் கட்டையாப் போய் உவர்நிலம் வரும், பிறகு கடலுக்கு மேலால தீவுக்குள்ள ஏறும். அந்த இடத்தில எல்லாரும் கதவடியில நிப்பினம், நீங்கள் பாத்துக் கவனமா நில்லுங்கோ, காத்து சரியா அடிக்கும். மன்னாருக்குப் பிறகு பேசாலை, எங்கட ஊர், பனையும் மணலும். பேசாலை தாண்டினா அடுத்தது தலைமன்னார், பிறகு பியர், லைன் அதோட முடியுது.

நாளுக்கு ஓடுறது விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிதான், நேரமும் மாறிக்கொண்டிருக்கும். முதல் நாள் பின்னேரம் மன்னார் ஸ்டேசனுக்கு ஒரு கோல் அடிச்சு நாளைக்கு எப்பிடியெண்டு கேட்டிட்டு வெளிக்கிடுங்கோ. திரும்பி வரேக்க மன்னாரில இருந்து வவுனியா பஸ் இருக்கு, இல்லாட்டி பூநகரிப் பக்கத்தால யாழ்ப்பாணம் போற பஸ்ஸில ஏறி பரந்தன் போற சந்தியில இறங்கலாம். உங்களுக்கு அதுதான் கிட்ட.

மாங்குளம்_ரீச்சர்

பேசாலைக்காரர் மேல சொன்னதோட நான் முழுக்க ஒத்துப்போகமாட்டன். வண்டி பாக்க வெளிக்கிட்ட ஆளுக்கு பாதித்தூரம் பஸ்ஸில போங்கோ எண்டு சொல்லுறது என்ன கதை? தம்பி, ஒரு நாளை ரெண்டாக்குங்கோ. முதல் நாள் ஆறுதலா மதவாச்சிக்குப் போங்கோ, பிந்தினா பிந்தட்டும், ராவு தலைமன்னார் மெயில் வரும், இல்லாட்டி அங்க தங்கி அடுத்த நாள் பகல் வண்டியைப் பிடியுங்கோ. மன்னாரில ஒரு ராவு நிண்டா பியரில விடியிற நேரம் படம் எடுக்கலாம், அந்த வெளிச்சம் மத்தியானத்தில கிடையாது. கிளைப்பாதைக்கு ஒரே நாளில போய்வாறதெண்டு இறுக்கிப் பிளான் போட்டா, எங்கயோ ஒரு மாடு படுத்தாலும் முழு நாளும் போகும்.

பிந்தல் நேரத்தில ஸ்டேசனில நிக்கிறதை நான் நட்டமா நினைக்கிறேல்லை. சொன்ன நேரத்துக்கு ஓடினா ரெண்டு வண்டியும் ரெண்டு ஸ்டேசனுக்கால போயிடும், பிந்தினாத்தான் பக்கத்துப் பக்கத்தில நிக்கும். வவுனியாவில ஒருக்கா அப்பிடித்தான் ஒரு லைனில சென்னையில செய்த எஸ்13 பவர் செற் (எஞ்சினும் பெட்டியும் ஒண்டாச் சேர்ந்த வண்டி), மற்றதில வாரணாசியில செய்த எம்11 எஞ்சின் இழுத்த வண்டி, ரெண்டும் ஒரே படத்துக்குள்ள வந்தது. அந்தப் படத்தை என்ர வகுப்புப் பிள்ளையளுக்குக் காட்டி எந்த எஞ்சின் எங்க செய்ததெண்டு சொல்லிக் குடுத்தனான். 1954 இல கனடா குடுத்த எம்2 எஞ்சினுகளுக்கு அல்பேர்ட்டா, ஒன்ராறியோ எண்டு அந்த நாட்டு மாகாணங்களின்ர பேர் வைச்சிருக்கு, சொந்தக்காரர் கனடாவில இருக்கிற பிள்ளையள் அதைக் கேட்டிட்டு விட்டபாடில்லை. எங்கயாவது ஒண்டைக் கண்டா நம்பரை எழுதி இங்க போடுங்கோ.

ஒண்டு கட்டாயம் சொல்லவேணும். படம் எடுக்கவெண்டு லைனுக்குள்ள இறங்கவேண்டாம், கேற் இல்லாத கடவையில நிண்டு எடுக்கவும் வேண்டாம். புதுப் பாதையில வண்டி வாறது முந்தி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டில்லை, காத்து மற்றப் பக்கமா அடிச்சா கிட்ட வந்தாப் பிறகுதான் கேக்கும். எங்கட கடவையளில எத்தினை குடும்பம் அழுதிருக்கு.

பழைய_மெயில்

பிள்ளையள், நான் வயசு போன ஆள், எழுத்துப் பிழை இருந்தா பாக்காதேங்கோ. 90 க்கு முந்தி இந்தப் பாதையில திரிஞ்சனான். மதவாச்சியில ராவில இறங்கி பிளாட்போமில பாயை விரிச்சுப் படுத்திருந்து மன்னார்க் கோச்சிக்குப் பாத்திருந்த சனம் கனக்க. வண்டி மாறக் காத்திருக்கிறதெண்டது எங்களுக்குப் பயணத்துக்குள்ள ஒரு பங்கு, சாப்பாட்டுப் பார்சலும் தண்ணிப் போத்தலும் இல்லாமல் ஒருத்தரும் வெளிக்கிடமாட்டம். அதை இப்பத்தையப் பிள்ளையளும் செய்யவேணும், செட்டிக்குளத்தில கடையைத் தேடித் திரியாதேங்கோ.

பியருக்குப் போறபோது அது ஏன் அங்க இருக்கெண்டதையும் தெரிஞ்சுகொண்டு போங்கோ. 1914 இல கொழும்பில இருந்து சென்னைக்கு ரெயினும் கப்பலும் சேர்த்து ஒரு பயணமா ஓடத் தொடங்கினது, போட் மெயில் எண்டிறது. தலைமன்னாரில கோச்சியால இறங்கி, கப்பலேறி தனுஷ்கோடியில இறங்கினா அங்கால இந்தியக் கோச்சி நிக்கும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனாப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடினது, எண்பதுகளின்ர தொடக்கத்தில சண்டையோட அதுவும் நிண்டிட்டுது. அந்தப் பழைய இரும்புத் தூண்கள் கடலுக்குள்ள நிக்கிறதைப் பாத்தா தெரியும், கடல்வரைக்கும் ஏன் லைன் போட்டவங்கள் எண்டு. 2015 மார்ச்சில பியர் வரைக்கும் திரும்பக் கோச்சி விட்டாப் பிறகு மகளோட போனனான். கப்பல் இல்லை, ஆனா கோச்சி வந்து நிண்டதைப் பாத்து எனக்குச் சரியான சந்தோசம்.

இரணைமடு_றெயில்

எல்லாருக்கும் கனக்க நன்றி. ஓமந்தை அண்ணை குறோசிங் மாறிறதைச் சொன்னாப் பிறகுதான் அண்டைக்கு வவுனியாவில ஏன் அவ்வளவு நேரம் நிண்டதெண்டு விளங்கினது. ரீச்சர் சொன்ன மாதிரி ரெண்டு நாளாப் போறதெண்டு முடிவெடுத்திட்டன், மதவாச்சி செட்டிக்குளம் துண்டையும் விட மனமில்லை. ஆனா மதவாச்சியில வண்டி தவறினா பேசாலை அண்ணை சொன்ன செட்டிக்குளம், முருங்கன் வழி கையில இருக்கட்டும். ஐயா, நீங்கள் போன காலத்துக் கதையை இன்னும் எழுதுங்கோ, டிக்கெட் ஏதும் வைச்சிருந்தா படம் போடுங்கோ. கடைசியா ஒரு கேள்வி, பியர் ஸ்டேசனில இறங்கினா பழைய இறங்குதுறையைக் கிட்டப்போய்ப் பாக்க விடுவினமோ?

பேசாலைக்_காத்து

அங்க நேவி நிக்கிது தம்பி, போய்க் கேளுங்கோ, எவ்வளவு தூரம் போகலாம், எதைப் படம் எடுக்கலாம் எண்டு அவங்களே சொல்லுவாங்கள். அனுமதி இல்லாமல் டிரோன் ஒண்டும் கொண்டுவராதேங்கோ. கடற்கரையால ஒரு பக்கம் நடந்தா வெளிச்சவீடும் தூணுகளும் நல்லாத் தெரியும். சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில மணல் பறக்கும், கமராவுக்கு ஒரு பையைக் கொண்டுவாங்கோ. வாற நாளை முதலே சொல்லுங்கோ, நானும் பேசாலையில ஏறுறன்.