இஎஸ்ஐ நின்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு மாறுவது எப்படி?

கேள்வி:
அப்பாவுக்கு மில் வேலை ஜூலை 31-ஓடு முடிந்துவிட்டது. சம்பளம் 16,000, இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் இஎஸ்ஐ மூலம்தான் நடக்கிறது. உடனே முதலமைச்சர் காப்பீட்டுக்கு மாற வேண்டுமா? என்னென்ன காகிதம் தேவை?

பதில் 1:
வேலை போன அன்றே இஎஸ்ஐ வைத்தியம் நிற்காது. ஏப்ரல்–செப்டம்பர் சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா ஏறியிருந்தால், அதற்குரிய பலன் காலமான அடுத்த ஆண்டு ஜனவரி–ஜூன் முடியும்வரை குடும்பத்துக்கும் மருத்துவ வசதி உண்டு. நான்கு மாதம் முழுசாக வேலை பார்த்திருந்தால் 78 தாண்டியிருக்கும். வில்லங்கம் வருவது கம்பெனி பக்கத்திலிருந்து. ஜூலை சந்தாவை ஆகஸ்ட் 15-க்குள் கட்டாமல் விட்டாலோ, வேலை நாளைக் குறைத்துப் போட்டாலோ டிஸ்பென்சரி கணினியில் தகுதி இல்லை என்று காட்டும். மத்திய அரசின் உமங் செயலியில் சந்தா ஏறியிருக்கிறதா என்று மாதவாரியாகச் சரிபாருங்கள். குறை இருந்தால் சம்பளச் சீட்டோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள். டிஸ்பென்சரியில் வாதாடிப் பயனில்லை.

பதில் 2:
முதலமைச்சர் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். விஏஓ தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், இவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். அம்மா பெயர் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால்கூட இழுத்தடிக்கும். பழைய அட்டை ஏற்கெனவே இருக்கிறதா என்றும் மையத்தில் கேளுங்கள், பல குடும்பங்களுக்கு இருக்கிறது, தெரியாமலே கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993.

கேள்வி கேட்டவர்:
மாதம் 16,000 என்றால் வருஷத்துக்கு 1,92,000 ஆகிறதே? தம்பியும் 9,000 சம்பாதிக்கிறான், ஒரே கார்டு.

பதில் 2:
அப்பா சம்பளம் நின்றுவிட்டது, அதற்கு மில் கொடுத்த விடுவிப்புக் கடிதத்தை விஏஓவிடம் காட்டுங்கள். தம்பியின் 9,000 மட்டும் என்றால் 1,08,000, வரம்புக்குள்தான். வேறு வருமானம் வந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பென்ஷன், வாடகை எல்லாம் கணக்கில் வரும். குறைத்து எழுதி வாங்குவது பின்னால் தொல்லை.

பதில் 3:
இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இஎஸ்ஐயில் வெளிநோயாளி மாத்திரையும் கிடைக்கும். முதலமைச்சர் திட்டம் ஆண்டுக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும், அதுவும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில்தான். டயாலிசிஸ் பட்டியலில் இருக்கிறது. இடையில் வாங்கும் மாத்திரை, ஊசிக்கு எது அடங்கும், எது அடங்காது என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டு மாறுங்கள். முன் அனுமதி வராமல் காசு கட்டிச் செய்துகொண்டால் பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம். ஏப்ரல், மே மாதத்திலேயே காகித வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஜூன் கடைசியில் ஓடினால் அம்மாவுக்கு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறக்கூடாதே.