பிற சைக்கிள் ஓட்டிகளுக்கு அடைமொழி சூட்டலாமா?

கேள்வி:
பயணக் குறிப்புகளில் "லைக்ரா கூட்டம்" (உடலை ஒட்டிய சைக்கிள் உடை அணிபவர்கள்), "மின்சைக்கிள் சோம்பேறி", "டெலிவரிப் பையன்" போன்ற அடைமொழிகளை நம்மில் பலர் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறோம். யாரைச் சொல்கிறோம் என்பது உடனே விளங்க அவை உதவுகின்றன. ஆனால் அவை ஆளை விவரிக்கின்றனவா, தீர்ப்பு எழுதிவிடுகின்றனவா?

மறுமொழி 1:
தீர்ப்புதான் எழுதுகின்றன. சிவப்பு விளக்கை மீறியவர் நம் குழுவினர் என்றால் "ஏதோ அவசரம்" என்கிறோம். வேறு வகை சைக்கிளில் வந்தவர் என்றால் "இவர்களே இப்படித்தான்" என்கிறோம். சூழ்நிலையை விட்டுவிட்டு ஒருவருடைய குணத்தையே காரணமாக்கும் இந்தச் சாய்வுக்கு, உளவியலாளர் லீ ராஸ் 1977இல் பெயரிட்டார்.

மறுமொழி 2:
நண்பரே, விவரிப்பே கூடாது என்று சொல்லிவிட முடியாது. பின்விளக்கு இல்லாமல், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கை காட்டாமல் திரும்பினார் என்று எழுதினால், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது படிப்பவருக்குப் புரியும். வயது, பாலினம், தொழில், உடை ஆகியவை அந்தச் சம்பவத்தை விளக்கத் தேவைப்பட்டாலொழிய வேண்டியதில்லை. மின்சைக்கிள் என்று குறிப்பிடுவது வண்டியின் எடையையோ வேகத்தையோ விளக்கலாம். "சோம்பேறி" என்பது எதையும் விளக்காமல், முழங்கால் வலியோடு மேடேறுபவரைப் புண்படுத்த மட்டுமே செய்யும்.

மறுமொழி 3:
இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். 2019இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சைக்கிள் ஓட்டிகளை முழு மனிதராகக் கருதாதவர்கள், அவர்களிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதாகத் தாங்களே கூடுதலாகத் தெரிவித்திருந்தனர். ஆகவே நம் குறிப்புகளிலிருந்து இந்த அடைமொழிகளை நீக்கலாம் என்பதே என் கருத்து. "டெலிவரிப் பையன்" முதலில் போகட்டும். அவர்களில் நடுவயதினரும் பெண்களும் இருக்கிறார்கள்.