மெட்டல் டிடெக்டரில் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) முழுசாக ஏற்றியும் ஆழத்தில் இருப்பது சிக்கவில்லை, எதை மாற்றுவது?

மண்வாசி:
மெட்டல் டிடெக்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. விஎல்எஃப் வகை (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்வது), 11 அங்குல டிடி காயில் (தரைக்கு மேல் ஆட்டும் தட்டு, உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச் சுருள்). மேலாகக் கிடப்பதெல்லாம் நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் 12 செ.மீ.க்குக் கீழே இதுவரை ஒன்றுமே எடுத்ததில்லை. பார்த்துவிடலாம் என்று ஒரு பெரிய செப்பு நாணயத்தை 20 செ.மீ. ஆழத்தில் நானே புதைத்து, சென்சிட்டிவிட்டியைக் கடைசி வரை ஏற்றி, மேலே காயிலை ஆட்டினேன். படபடவென்று இரைச்சல்தான் வருகிறது, நாணயம் இருக்கும் இடத்திலும் அதே சத்தம், இல்லாத இடத்திலும் அதே சத்தம். ஆணித் தொல்லை தாங்காமல் திரையில் இரும்புக்கு வரும் எண்களை எல்லாம் டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் தடுக்கும் வசதி) தள்ளி வைத்திருக்கிறேன். கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் சமிக்ஞையைக் கழித்துவிடும் அமைப்பு) தொட்டதே இல்லை. எங்கே தவறு?

செம்புக்கம்பி:
முதலில் சென்சிட்டிவிட்டியை இறக்குங்கள். ஏற்ற ஏற்ற நாணயத்தின் சத்தம் மட்டும் பெரிதாவதில்லை, மண்ணின் சத்தமும் மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகின்றன. ஆழத்திலிருந்து வருவது மிக மெல்லிய ஒலி, அந்தக் கூச்சலில் அது எப்படிக் காதில் விழும்? கைபேசியைத் தூர வைத்துவிட்டு நாய்ஸ் கேன்சல் (வெளி மின் இரைச்சலைத் தவிர்க்கும் வசதி) செய்யுங்கள், காயில் ஆடாமல் இருக்கும்போது படபடப்பு நிற்கும் வரை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். எத்தனையில் நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு, அந்த இடத்துக்கு உங்கள் அளவு.

அப்புறம் கிரவுண்ட் பேலன்ஸ். இதைத் தொடாமல் ஆழம் பேசுவதில் பயனில்லை. உலோகம் எதுவும் இல்லாத ஓர் அடி இடம் பார்த்து, ஆல் மெட்டல் மோடில் (எந்த உலோகத்தையும் ஒதுக்காத நிலை) காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு இரண்டு விரல் மேலே வரை இறக்கி ஏற்றுங்கள். இறக்கும்போது சத்தம் கூடினால் பேலன்ஸ் பாசிட்டிவ் பக்கம் இருக்கிறது, அமுங்கினால் நெகட்டிவ் பக்கம். இரண்டும் இல்லாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். நான் பாசிட்டிவ் பக்கம் ஒரு பொடி தள்ளியே வைப்பேன், நெகட்டிவில் இருந்தால் ஆழத்து ஒலி மண்ணோடு சேர்ந்து அமுங்கிப் போகும். மண் நிறம் மாறினால் நின்று மறுபடி செய்யுங்கள், அரை நிமிட வேலைதான்.

காதுவழி:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் உங்கள் பெரிய சிக்கல் அந்த டிஸ்கிரிமினேஷன் என்று நினைக்கிறேன். ஆழம் கூடக் கூட மண்ணில் உள்ள இரும்புத் தாதின் சமிக்ஞை நாணயத்தின் சமிக்ஞையோடு கலந்துவிடுவதால் திரையில் எண் நிலையாக நிற்காது, பல சமயம் இரும்பு என்றே காட்டும். நீங்கள் இரும்பை மூடிவிட்டீர்கள், நல்ல நாணயமும் அதோடு போய்விட்டது. அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள், ஹெட்போன் போடுங்கள், த்ரெஷோல்ட் ஒலியை (பின்னணியில் விடாமல் கேட்கும் மெல்லிய ஒலி) கொசு ரீங்காரம் போலக் கேட்டும் கேட்காத அளவில் வையுங்கள்.

ஆழத்தில் இருப்பது டங் என்று அடிக்காது. அந்த ரீங்காரம் ஓர் இடத்தில் லேசாக உப்பித் தணியும், அவ்வளவுதான். போன மாதம் அப்படி ஓர் ஒலி, திரையில் எண்ணே இல்லை. காயிலை வட்டம் சுற்றி வந்து குறுக்காக ஆட்டினேன், அதே இடத்தில் அதே உப்பல். மேல் மண்ணைச் சில விரல் ஆழம் எடுத்ததும் எண் வந்தது, ஆனாலும் தாவிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்ததும் அசையாமல் நின்றது. 22 செ.மீ.யில் பச்சைக் களிம்பு பிடித்த செப்புக் காசு! திரையை நம்பியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். ஒரு திசையில் மட்டும் கேட்டு மறு திசையில் உடைந்தால் பெரும்பாலும் ஆணி.

ரெக்கவரி ஸ்பீடையும் (ஒரு பொருளின் சத்தம் அடங்கி அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகம்) குறையுங்கள், காயிலை மெதுவாக ஆட்டுங்கள்.

நிலமளந்தான்:
ரெக்கவரி ஸ்பீடு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர் ஆணி அதிகம் என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் குறைத்தால் ஆணியின் சத்தம் அடங்குவதற்குள் பக்கத்து நாணயத்தைக் காயில் கடந்துவிடும், இரண்டும் ஒன்றாகவே கேட்கும். குப்பை இல்லாத நிலம் என்றால் குறைக்கலாம், இவருக்கு நடுவில் இருப்பதே நல்லது.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. நாணயம் போன்ற சின்னப் பொருளிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞை, காயிலின் அளவைவிட ஆழம் கூடிய பிறகு, தூரத்தின் ஆறாம் அடுக்கு என்ற கணக்கில் தேய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் சமிக்ஞை 64-ல் ஒரு பங்கு. அதனால் செட்டிங் எல்லாம் சரி செய்தாலும் கூடுதலாகக் கிடைப்பது சில செ.மீ.தான், அந்தச் சில செ.மீ.யைக் காயிலைத் தூக்கி ஆட்டியே பலர் இழக்கிறார்கள். கை வீச்சின் இரு கடைசியிலும் காயில் மேலே எழும்புகிறதா என்று பாருங்கள், எழும்பினால் வீச்சைச் சுருக்குங்கள். அதிர்வெண் மாற்ற வசதி இருந்தால் பெரிய செம்பு, வெள்ளிக்கு 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போங்கள், 20-க்கு மேல் பொடித் தங்கத்துக்குத்தான் நல்லது.

மண்வாசி:
நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். படபடப்பு நின்றது சென்சிட்டிவிட்டி 25-க்கு 17-ல். பேலன்ஸ் செய்து, டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்ஜியமாக்கி, ஹெட்போன் போட்டுப் புதைத்த இடத்தில் ஆட்டினால் கேட்கிறது! காதுவழி சொன்ன அதே உப்பல், குறுக்காகவும் வந்தது. திரையில் மட்டும் இரும்பு எண். காயிலை நான்கு விரல் உயர்த்தினால் போய்விடுகிறது. 15 அங்குலக் காயில் வாங்கினால் இன்னும் ஆழம் போகுமா?

நிலமளந்தான்:
போகும், ஆனால் உங்கள் இடத்தில் ஒரே வீச்சில் மூன்று ஆணி காயிலுக்கு அடியில் வரும், கையும் வலிக்கும். இப்போதைக்கு 11 போதும். அதே நாணயத்தை 23 செ.மீ.யில் புதைத்துப் பாருங்கள், கேட்டால் இங்கே எழுதுங்கள்.