யூஆர்எல்லை மாற்றியதும் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது காணாமல் போகிறது: உதவி தேவை

கேட்டவர், மதுரை:
விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் மென்பொருள் அப்பாச்சி 2.4. ‘/சேலை/சுங்குடி’ என்று வருவதை உள்ளுக்குள் ‘பட்டியல்.பிஎச்பி?வகை=சுங்குடி’ என்று மாற்ற எச்டிஆக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு ரீரைட்ரூல் (முகவரியை மாற்றும் விதி) எழுதியிருக்கிறேன். அதுவரை சரி. ‘/சேலை/சுங்குடி?நிறம்=அரக்கு&பக்கம்=2’ என்று போனால் நிறமும் பக்கமும் பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி நிரலுக்கு வந்து சேர்வதில்லை. முதலாளி நேற்றுக் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் இதே சேலைதான் வருகிறது” என்றார். சித்திரைத் திருவிழா நெருங்குகிறது. ரூலின் முதல் பாதியில் கேள்விக்குறியையும் சேர்த்துப் பார்த்தேன்; ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழைதான் வந்தது.

மேலூர்க்காரர்:
அங்கே சேர்த்துப் பயனில்லை தம்பி. ரீரைட்ரூல் பாதையை மட்டுமே ஒப்பிடும். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது அதன் கண்ணில் படாது. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் மேலே தனியாக, நிபந்தனை சொல்லும் ஒரு ரீரைட்காண்ட் வரி வேண்டும்.

உங்களுக்கு அதுவும் தேவையில்லை. மாறிப்போகும் முகவரியில் கேள்விக்குறியே இல்லையென்றால் பழைய குவெரி ஸ்ட்ரிங் (கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது) தானாகக் கூடவே வந்துவிடும். நீங்கள் ‘?வகை=’ என்று புதிதாக ஒன்றை வைத்துவிட்டீர்கள்; அதனால் பழையதை அப்பாச்சி கழற்றிவிடுகிறது. வரிக் கடைசியில் ‘எல்’ என்ற குறி இருக்கும் சதுர அடைப்புக்குள் கமா போட்டு, பழையதையும் சேர்க்கச் சொல்லும் ‘கியூஎஸ்ஏ’ குறியைச் சேருங்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

திருமங்கலத்தார்:
என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் இதற்கு நேர்மாறு. ரீரைட் எழுதினால் பழையது தானே ஒட்டிக்கொள்ளும். வேண்டாமென்றால்தான் புதிய முகவரியின் கடைசியில் வெறும் கேள்விக்குறி வைக்க வேண்டும். அங்கிருந்து இங்கே வந்தபோது அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கேட்டவர்:
கியூஎஸ்ஏ போட்டதும் சரியாகிவிட்டது, அண்ணா. ஆனால் புதிய தலைவலி: பக்கத்தில் இருக்கும் பழைய தேடல் படிவத்தில் ‘பட்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், சுங்குடி முகவரியிலேயே பட்டுச் சேலைகள் வருகின்றன.

மேலூர்க்காரர்:
அந்தப் படிவமும் ‘வகை’ என்ற பெயரில்தான் அனுப்புகிறதா? கியூஎஸ்ஏ உங்களுடையதை முன்னால் வைத்து, வந்ததைப் பின்னால் ஒட்டும். ‘வகை=சுங்குடி&வகை=பட்டு’ என்று ஆகிவிடும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிஎச்பி கடைசியாக வந்ததையே எடுத்துக்கொள்ளும். ரூலில் ‘பாதைவகை’ என்று பெயரை மாற்றி, பட்டியல் கோப்பிலும் அதையே படியுங்கள். முகவரிப் பட்டையில் யார் வேண்டுமானாலும் எதையும் தட்டச்சு செய்யலாம் என்பதால், விலை, தள்ளுபடி போன்றவற்றை இந்த வழியில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் வேறு சேலைகள் வருகின்றன. மூன்றாம் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று முதலாளி கேட்கிறார். அந்தச் சேலைகளை இன்னும் படமே எடுக்கவில்லை.